மீனைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

தம்பி சவரி கப்பல் வேலைக்குப் புறப்பட்ட நாளைக் கேட்டால் வியாகுலம் தேதி சொல்லமாட்டாள். "ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளுங்க. திங்கக்கெழம. பதினொன்னேகால் சேலம் வண்டி" என்பாள். சொல்லும்போதும் கை நிற்காது. ஒரு கெண்டையின் தலையைத் திருப்பி, செவுளைக் கட்டைவிரலால் தூக்கி, எதிரே நிற்பவர் முகத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டிருக்கும்.

"பாத்தீங்களா? செவப்பா இருக்குதா? சரி, இப்ப போயி உக்காருங்க."

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒகேனக்கல் ரோட்டில் இறங்கினால், சைக்கிள் கடைக்கு அடுத்தாற்போல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை ஒன்று வரும். இரண்டு மேசை, நான்கு பெஞ்சு. பெயர்ப்பலகை கிடையாது. ராகிக் களியும் மீன் குழம்பும் எப்போதும் உண்டு. சோறு கேட்டால் சோறு. மீன் ஒகேனக்கல் ஆற்றங்கரை ஊட்டமலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில், ஈரச் சாக்கு போர்த்திய கூடையில் வரும். கொண்டுவந்து இறக்கும் மாதேஸ்வரன் கூடையைத் தரையில் வைப்பதற்குள் வியாகுலத்தின் கை சாக்குக்குள் போய்விடும்.

அவளுடைய கடையில் இரண்டு காலண்டர்கள் நடக்கின்றன. வெள்ளிக்கிழமை குடியானவர்கள் கவிச்சி தொடமாட்டார்கள். ஆனால் அன்றைக்குத்தான் கோவில் தெருக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்து தூக்குப் போசிகள் வரும், இறைச்சி ஆகாது, மீன் ஆகும் என்று. புரட்டாசியில் ஒரு பக்கம் காலியாகும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் மறுபக்கம் நிரம்பும். "ரெண்டு சாமியும் பேசி வச்சிக்கிட்டு என்னக் காப்பாத்துதுங்க" என்பாள்.

குள்ளமான உருவம். முந்தானையை இழுத்துச் செருகியிருப்பாள். முழங்கையில் எப்போதும் ஒன்றிரண்டு செதில்கள் ஒட்டி, வெயில் பட்டால் மின்னும். குழம்பு முதல் கொதி வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகு கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். புளி மட்டும் அவள் கையில் தாராளமாக இறங்காது. யாராவது, "புளி பத்தலீங்களே" என்று விட்டால் போதும், அடுப்படியிலிருந்தே குரல் வரும்.

"புளி எதுக்குங்க? மீனோட வயச மறைக்கறதுக்கா? எம்மீனுக்கு வயசே ஆகல."

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது, மீனைப் பார்க்காமல் யாரும் உட்காரக் கூடாது என்ற சட்டம். வந்தவர் நேராக அடுப்படிக்குப் போகவேண்டும். கூடையில் இருக்கும் மீனைப் பார்த்து, செவுளைப் பார்த்து, கண் பிதுங்கி இருக்கிறதா குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, தலையாட்டிவிட்டுத் திரும்பவேண்டும். குழம்பில் ஏற்கனவே வெந்துகொண்டிருப்பதும் அதே கூடை மீன்தான் என்பதற்கு வெட்டிய தலைகள் ஒரு தட்டில் வரிசையாகச் சாட்சிக்கு இருக்கும். ஒருமுறை ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினார். வியாகுலம் வாசலில் வந்து நின்று, "சார், மீனு உங்களப் பாக்கணும்னு சொல்லுதுங்க. ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்றாள். அவர் எழுந்து போனார். போகாவிட்டால் இலை விழாது என்பதைப் பக்கத்துப் பெஞ்சுக்காரர் காதோடு சொல்லியிருந்தார்.

டவுன் பஸ் டிரைவர் பச்சியப்பனுக்குத்தான் இது பொறுக்காது. தினமும் சாப்பிடுகிறவர், தினமும் சண்டை போடுகிறவர்.

"ஏம்மா, பஸ்ஸு ஏறறவங்கெல்லாம் எஞ்சினத் தொறந்து பாத்துட்டா ஏறறாங்க?"

"உங்க எஞ்சினத் தொறந்து காட்டுனா ஒருத்தரும் ஏறமாட்டாங்கண்ணா. அதுக்குத்தான் மூடி வச்சிருக்கறீங்க."

பெஞ்சே சிரிக்கும். பச்சியப்பன் முனகிக்கொண்டே உள்ளே போய் மீனைப் பார்ப்பார்.

இந்தச் சட்டம் கடை வைத்த நாளிலிருந்து இருந்ததல்ல. சவரி போன பிறகு வந்தது. ஏன் வந்தது என்பது அவள் கணவர் பெரியநாயகத்துக்குக்கூடத் தெரியாது. மூன்று ஏக்கர் மானாவாரியில் கடலை போடும் மனிதர் அவர். கடைப்பக்கம் வந்தால் விறகைப் பிளந்து அடுக்கிவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது சவரிக்கு எட்டு வயது. வியாகுலம்தான் வளர்த்தாள். கடை போட்டபோது அவனும் கூடவே நின்றான். இலை போட்டான், தண்ணீர் வைத்தான், சாம்பல் தொட்டு மீன் உரித்தான். கடைக்கு மீன் பொறுக்குவது அவன்தான். சாக்கைத் தூக்காமலே மோந்து சொல்வான், இது இன்றைய மீன், இது நேற்றையது என்று. பம்பாயில் கப்பல் சமையல் வேலையில் இருந்த ஒன்றுவிட்ட மாமன் ஆள் வேண்டும் என்று எழுதினார். இருபத்திரண்டு வயதில் சவரி புறப்பட்டான். எண்பத்தொன்றாம் வருஷம் அது.

"போற அன்னிக்கி எனக்குக் களியும் மீன் கொழம்பும் வேணும்க்கா. வேற ஒண்ணும் வேணாம்" என்று கேட்டிருந்தான்.

பதினெட்டாம் பெருக்கு அன்று ஒகேனக்கல் போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் கடையில் மொய்த்தது. தம்பிக்கென்று வாழை இலையில் சுற்றி எடுத்துவைத்திருந்த வாளையையும் யாரோ குழந்தையோடு வந்து கெஞ்ச, நாளைக்கு வராமலா போகும் என்று அறுத்துப் போட்டுவிட்டாள். மறுநாள் மீன் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறி நின்றது. பரிசல் இறங்கவில்லை. மாதேஸ்வரன் வெறும் கூடையோடு வந்து கையை விரித்தான். கடையில் இருந்த பழைய கூடையின் அடியில் சனிக்கிழமைக் கெண்டை ஒன்று மட்டும் கிடந்தது. செவுளைத் தூக்கினாள். காய்ந்த மண் நிறத்தில் இருந்தது.

அதை மூன்று முறை உப்புப் போட்டுக் கழுவினாள். கைநிறையப் புளியைக் கரைத்து ஊற்றினாள். மிளகைத் தட்டிப் போட்டாள். புதுச் சட்டை, புதுப் பேண்ட்டோடு சவரி வழக்கம்போல அடுப்படிக்குள் தலையை நீட்டியபோது அவள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"சட்டையில மீன் வாசம் ஒட்டிக்கும். நீ போயி உக்காரு சாமி."

அவன் போய், ரோட்டைப் பார்த்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். மூன்று துண்டு சாப்பிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவினான், அவள் காலைத் தொட்டான், பஸ் ஏறினான்.

மீன் என்று வந்தால் மூக்கால் வயது சொல்கிறவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளோடுதான் படுக்கிறது, அவளோடுதான் எழுகிறது. வளர்த்த பிள்ளை நாடு விட்டுப் போகிற நாளில் அழுகப்போன மீனை, அதுவும் மறைத்து, போட்டு அனுப்பினோமே. கடிதங்கள் வந்தன. வருஷத்துக்கு ஒன்று. பம்பாயிலிருந்து ஒன்று, பிறகு கிரீஸ் தேசத்துத் துறைமுக ஊர் ஒன்றிலிருந்து. குளிர், கப்பல், கேப்டனின் கோபம், மாமனின் மூட்டுவலி எல்லாம் எழுதினான். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. வாயைத் திறந்தால் சாப்பாட்டைத் தவிர வேறு பேசாத பயல். அந்த இல்லாத வரியைத்தான் அவள் ஒவ்வொரு கடிதத்திலும் திரும்பத் திரும்பத் தேடினாள்.

நான்காம் வருஷம், தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண் கடைக்குள் வந்தாள். யாரும் சொல்லாமலே நேராக அடுப்படிக்குப் போனாள். குனிந்து, ஒரு கெளுத்தியின் செவுளைத் தானே தூக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வியாகுலத்தின் கரண்டி நின்றுவிட்டது. "ஏங்கண்ணு, உனக்கு யாரு சொன்னா?"

பெண்ணின் பெயர் ராஜமேரி. கம்பைநல்லூர்க்காரி. லிபியாவில் நான்கு வருஷம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவள். வந்து ஆறு மாதமாகியும் வீட்டில் கால் தரிக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறவள். ஊருக்கு வரும் வழியில் டிக்கெட்டுக்காக கிரீஸில் ஐந்து நாள் காத்திருக்க வேண்டியிருந்ததாம்.

"அங்க துறைமுகத்துக்கிட்ட ஒரு சின்னக் கடைங்கக்கா. இதே மாதிரிதான், ஆறு மேச. நான் போயி உக்காந்தேன். கடைக்காரரு, இம்மாம் பெரிய மீசை, வந்து கையப் புடிச்சி எழுப்பி உள்ள இழுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு பயமாப் போச்சி. பாத்தா, ஐஸ் பெட்டியத் தொறந்து மீனக் காட்டறாரு. செவுளத் தூக்கறாரு, கண்ணக் காட்டறாரு. நான் தலையாட்டற வரைக்கும் விடல. வெளியில கயித்துல எட்டுக் காலு மீனு ஒண்ணு, தொவச்ச துணியாட்டம் காயப் போட்டிருக்கு."

"கொழம்பு எப்பிடி வெச்சாங்க?"

"கொழம்பே இல்லீங்க. தணல்ல சுட்டு, எண்ணெய ஊத்தி, எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சி குடுத்தாங்க."

"புளி?"

"புளியா? அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதுங்கக்கா."

"புளி இல்லாம கவுச்சி அடிக்காதா?"

"அடிக்கலீங்க. அன்னிக்கிப் புடிச்ச மீனு."

வியாகுலம் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். எரிகிற விறகை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். ஊர்ப் பெயரைக் கேட்டாள். ராஜமேரி சொன்னதும் உள்ளறைக்கு ஓடி, மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த கடிதத்தை எடுத்துவந்து உறையின் முத்திரையைக் காட்டினாள். அதே ஊர்தான்.

"அப்ப அது எங்க சவரி வேலதான்! அவஞ்சொல்லாம அந்த மீசக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?"

"இல்லீங்கக்கா, அது அவங்க ஊர்ப் பழக்கம். ரொம்பக் காலமா இருக்கறதுதான்."

"நீ எத்தன நாளு இருந்த?"

"அஞ்சு நாளு."

"அஞ்சு நாள்ல ரொம்பக் காலத்த எப்பிடிக் கண்ணு பாத்த?"

ராஜமேரி களியைக் குழம்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பாக நின்ற வியாகுலம், அடுத்த இலைக்குக் களி வைக்கப் போனவள், பாதி வழியில் நின்றாள். பூரிப்பு அப்படியே வடிந்தது. பயல் எதற்காக ஊரார்க்கெல்லாம் மீனைக் காட்டச் சொல்லிக் கொடுக்கவேண்டும்? தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மூன்று துண்டையும் விழுங்கியிருக்கிறான். அங்கே போய், என் அக்காளே எனக்குப் பழைய மீன் போட்டாள், நீங்களாவது காட்டிவிட்டுப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறான்.

கூட்டம் ஓய்ந்ததும், ராஜமேரியின் எதிரே தரையில் குந்தி, நான்கு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதறியா கண்ணு? எனக்குக் கோத்து எழுத வராது" என்றாள்.

பையிலிருந்து ராஜமேரி காகிதமும் பேனாவும் எடுத்தாள். முதல் பக்கம் முழுக்க ஊர்ச் செய்தி. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. பெரியநாயகத்தின் கடலையில் பூச்சி. பச்சியப்பண்ணன் பஸ்ஸை வேலியில் விட்டது. இரண்டாம் பக்கம் தொடங்கும் இடத்தில் வியாகுலம் நிறுத்தினாள்.

"நீ போன அன்னிக்கிப் போட்டது சனிக்கெழம மீனுன்னு எழுது."

ராஜமேரி எழுதினாள்.

"வேண்டாம், அடிச்சிரு."

அடித்தாள்.

"இல்ல, எழுது. தெரிஞ்சிதான் தின்னியான்னு கேளு. வவுறு ஒண்ணும் பண்ணலியான்னு கேளு. அந்த மீசக்காரனுக்கு மீனக் காட்டச் சொல்லிக் குடுத்தது நீதானான்னு கேளு. அக்கா மேல வருத்தமா இருந்தா, அதயும் எழுதச் சொல்லு."

கப்பல் கம்பெனி விலாசத்தை உறையில் எழுதி, பென்னாகரம் தபால் ஆபீசில் சேர்த்துவிட்டு ராஜமேரி சாயங்கால பஸ்ஸில் போனாள். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் அவள் வாயைத் திறக்குமுன் வியாகுலம் கையை விரித்துக் காட்டினாள். மூன்றாம் முறை வரவில்லை. வடக்கே எங்கோ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக ஒரு கார்டு மட்டும் வந்தது.

அந்த வருஷம் சவரியிடமிருந்து வழக்கமாக வரும் கடிதமும் வரவில்லை. வியாகுலம் செவுளைக் காட்டுவது கூடிப்போயிற்று. முன்பு ஒரு மீனைக் காட்டுவாள், இப்போது இரண்டு, மூன்று. தூக்குப் போசியோடு வரும் பெண்களைக்கூட நிறுத்திவைத்துக் காட்டினாள். "பாத்தாச்சு தாயே, பாத்தாச்சு! இதுக்கு மேல பாத்தா மீனுக்கே வெக்கமாப் பூடும்" என்றார் பச்சியப்பன். அன்றைக்கு அவள் சண்டைக்கு வராமல் இன்னொரு செவுளைத் தூக்கிக் காட்டினாள். பச்சியப்பனுக்கே சப்பென்று ஆகிவிட்டது. சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்த வருஷம் ஆனி முடிகிற சமயம். புதன்கிழமை, சாப்பாட்டுக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய வேளை. தபால்காரன் குப்புராஜ் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான். சவரியோடு எட்டாவது வரை படித்தவன். கையில் பல ஊர் முத்திரைகள் குத்தி அழுக்கேறிய உறை ஒன்று இருந்தது.

"அக்கா, உந்தம்பிதான்."

வியாகுலத்தின் இரண்டு கையும் மசாலா. வெட்டிய துண்டுகளுக்கு மஞ்சளும் மிளகாயும் புரட்டிக்கொண்டிருந்தாள். "நீயே படி குப்பு" என்றாள். புரட்டுவதை நிறுத்தவில்லை.

குப்புராஜ் நின்றபடியே படித்தான்.

"சேசு மரி சூசை துணை. அன்புள்ள அக்காவுக்கு சவரி எழுதுவது. உன் கடுதாசி மூணு கப்பல் மாறி என் கையில் கிடைக்க ஒரு வருசம் மேல ஆயிடுச்சி. அதுக்குள்ள நீ என்ன நெனச்சியோ.

"அக்கா, அது சனிக்கிழமை மீன்னு எனக்குத் தெரியும். நீ குறுக்க வந்து நின்னப்பவே தெரியும். புளி வாசம் ரோட்டு வரைக்கும் வந்திச்சி. வவுறு ஒண்ணும் பண்ணல, ரயில்ல நல்லாத் தூங்கினேன்.

"மீனக் காட்டறது இந்த ஊர்க்காரங்க பழக்கம். நான் சொல்லிக் குடுக்கல. கப்பல் இங்க நின்ன மொத நாளு ஒரு கடைக்குப் போனேன். அந்த ஆளு என்ன உள்ள கூட்டிட்டுப் போயி செவுளத் தூக்கிக் காட்டினாரு. உன் நெனப்பு வந்து அங்கயே அழுதுட்டேன். அவரு மீனு கெட்டுப் போச்சின்னு நான் அழுவறதா நெனச்சி, பொண்டாட்டியத் திட்டி, வேற மீன் எடுத்துட்டு வந்தாரு. அதுக்கும் அழுதேன். மூணாவதா அவருகிட்ட மீனே இல்ல."

குப்புராஜுக்குச் சிரிப்பு வந்தது. வியாகுலத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவள் கை துண்டுகளின் மேல் அப்படியே இருந்தது.

"சாப்பாட்டப் பத்தி எழுதினா நீ கஷ்டப்படுவேன்னுதான் எழுதாம இருந்தேன். அது தப்பாப் போச்சி. எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. நம்ம கடையில அத்தன வருசம் எத்தன பேருக்கு எல போட்டிருக்கேன். அந்த பெஞ்சில நான் உக்காந்து, நீ பரிமாறி, நான் சாப்புட்டது அன்னிக்கி ஒரு நாளுதான். நீ போயி உக்காரு சாமின்னு நீ சொன்னது இன்னும் காதுல இருக்குது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கேன்."

குப்புராஜ் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

"அந்த வரிய இன்னொருக்கப் படி."

"எதுக்கா? கிறிஸ்துமஸா?"

"அதுக்கு முந்தினது. உக்காந்தது."

படித்தான். படித்து, மடித்து, மசாலா படாமல் மாதா படத்துக்குப் பின்னால் அவனே கொண்டுபோய்ச் செருகினான். வெயிலில் நான்கு மைல் மிதித்து வந்தவன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பசி வந்தது. வழக்கம்போல, கூடையில் இருக்கும் மீனைப் பார்ப்பதற்காக அடுப்படிப் பக்கம் குனிந்தான்.

வியாகுலம் எழுந்து குறுக்கே வந்தாள். மசாலாக் கை இரண்டையும் அவன் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் அவனைத் தள்ளிக்கொண்டே போய், ரோட்டைப் பார்த்த பெஞ்சின் ஓரத்தில் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.